பலகையில் மட்டும் வந்து சேர்ந்த கப்பல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அமெரிக்கக் கடற்படை வரலாறு பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று போட்டிருந்தீர்கள். அதில் பாதிப் பக்கத்தை வாயைப் பிளந்த சுறாவின் படம் எடுத்துக்கொண்டது. மீதியில் 1945-இல் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்த 'இண்டியானாபொலிஸ்' போர்க்கப்பலின் கதை. இதையெல்லாம் தமிழில் எழுத இடம் ஒதுக்கியதற்கு நன்றி. நன்றி சொல்லியாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன்.

நான் தென்கடற்கரைத் துறைமுகம் ஒன்றில் சிக்னல் ஸ்டேஷன் எழுத்தராக 33 வருடம் வேலை பார்த்தவன். துறைமுகத்தின் பெயர் வேண்டாம். பின்னால் ஒரு விஷயம் சொல்லப் போகிறேன், அதில் தப்பு எங்கள் பக்கம். சுவர் நீளத்துக்கு ஒரு கரும்பலகை. எந்தக் கப்பல், எங்கிருந்து வருகிறது, எப்போது வர வேண்டும், ஏஜென்ட் யார், டிராஃப்ட் (தண்ணீருக்குள் முங்கும் ஆழம்) எவ்வளவு, எந்த பெர்த்தில் (கட்டுமிடத்தில்) நிற்கும் என்று அதில் சாக்பீஸால் எழுதுவது என் வேலை. கப்பல் வந்து நங்கூரம் போட்டதும் கடைசிக் கட்டத்தில் நேரம் குறிக்க வேண்டும். சரக்கு இறக்கிக் கிளம்பிப் போனதும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பதவி உயர்வு வந்தபோது துடைக்கிற துணியை வேறொருவர் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

அதனால்தான் உங்கள் கட்டுரையாளர் சுறாவைப் பார்த்த இடத்தில் எனக்குப் பலகை தெரிந்தது.

முதலில் இரண்டு திருத்தம். 'அணுகுண்டோடு மூழ்கிய கப்பல்' என்பது தலைப்பு. தப்பு. ஹிரோஷிமாவில் போட்ட குண்டின் பாகங்களையும் அதற்கான யுரேனியத்தில் பெரும்பகுதியையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது உண்மைதான். அது 1945 ஜூலை 16. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்துப் பார்த்த அதே நாள் காலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேப்டனுக்கே சொல்லவில்லை. ஜூலை 26 அன்று பசிபிக் கடலில் உள்ள டினியன் தீவில் எல்லாவற்றையும் பத்திரமாக இறக்கிக் கொடுத்துவிட்டார். கப்பல் மூழ்கியது ஜூலை 30. நாலு நாள் இடைவெளி. மூழ்கும்போது அதில் குண்டும் இல்லை, குண்டின் ஒரு திருகாணியும் இல்லை.

இரண்டாவது, '880 பேரைச் சுறாக்கள் தின்றன' என்ற வரி. கப்பலில் இருந்தவர்கள் 1,195 பேர். அதில் சுமார் 300 பேர் கப்பலோடு போய்விட்டார்கள். கிட்டத்தட்ட 900 பேர் கடலில் மிதந்தார்கள். பிழைத்தது 316. நடுவில் போனவர்கள் தீக்காயத்தில் போனார்கள், வெயிலில் போனார்கள், ராத்திரிக் குளிரில் போனார்கள், தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்துப் புத்தி பேதலித்துப் போனார்கள். சுறாவும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிழைத்தவர்கள் கடைசிவரை அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் மொத்தக் கணக்கையும் சுறாவின் தலையில் எழுதினால் மற்றவர்களெல்லாம் தப்பித்துவிடுகிறார்கள். சுறாவுக்கு மெமோ கொடுக்க முடியாது பாருங்கள்.

நடந்தது இதுதான். டினியனில் சரக்கை இறக்கிய கப்பல் பக்கத்துத் தீவான குவாமுக்குப் போனது. அங்கிருந்து பிலிப்பைன்ஸில் உள்ள லெய்டேவுக்குப் போய்ப் பயிற்சியில் சேரச் சொல்லி உத்தரவு. கேப்டன் சார்லஸ் மெக்வே துணைக்கு ஒரு டிஸ்ட்ராயர், அதாவது காவலுக்கு வரும் சிறிய போர்க்கப்பல், கேட்டார். தேவையில்லை என்றார்கள். குரூசர் ரகத்தைச் சேர்ந்த அந்தப் பெரிய போர்க்கப்பலில் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவி கிடையாது. அந்த வேலைக்குத்தான் டிஸ்ட்ராயர் கூட வரும். அந்தத் தடத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் சுற்றுவது மேலிடத்துக்குத் தெரியும். சில நாள் முன்னால், ஜூலை 24 அன்று, 'அண்டர்ஹில்' என்ற கப்பலை இழந்திருந்தார்கள். கேப்டனிடம் அதைச் சொல்லவில்லை. ஜூலை 28, சனிக்கிழமை காலை குவாமிலிருந்து கிளம்பினார். லெய்டேவுக்கு வர வேண்டிய நேரம் ஜூலை 31, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி.

இந்த '11 மணி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பலகையில் இதற்குத் தனிக் கட்டம் உண்டு.

ஞாயிறு நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரத்தில் ஐ-58 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியிலிருந்து வந்த இரண்டு டார்ப்பிடோக்கள் வலது பக்கத்தில் அடித்தன. ஒன்று முகப்பைப் பிய்த்துக்கொண்டு போனது, இன்னொன்று நடுவில். மின்சாரம் போனது. மேல்தளத்திலிருந்து இன்ஜின் அறைக்குப் பேச வழியில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, முகப்பில்லாத கப்பல் தானே தண்ணீரை அள்ளி விழுங்கிக்கொண்டு முன்னால் போனது. 12 நிமிடத்தில் கதை முடிந்தது. 610 அடி நீளக் கப்பலுக்கு 12 நிமிடம். எங்கள் துறைமுகத்தில் அந்த நீளக் கப்பலை பெர்த்தில் கயிறு போட்டுக் கட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

இது போரில் நடக்கிறதுதான். எதிரி அடித்தான், கப்பல் போனது. என் சண்டை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணி ஆயிற்று. கப்பல் வரவில்லை. அப்போது அமெரிக்கக் கடற்படையில் இரண்டு பெரிய அலுவலகங்கள் பலகை வைத்திருந்தன. ஒன்று குவாமில், மரியானாஸ் தீவுக்கூட்டத்துக்கான தலைமையகம். இன்னொன்று பிலிப்பைன்ஸ் பக்கத் தலைமையகம். இரண்டிலும் கப்பலின் இடத்தைக் குறித்து நகர்த்திக்கொண்டே வந்தார்கள். கப்பல் இடம் சொல்லி நகர்த்தியது இல்லை. கிளம்பிய நேரம் தெரியும், வேகம் தெரியும், தடம் தெரியும். இந்நேரம் இங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு நகர்த்துவது. நாங்களும் செய்வோம், தப்பில்லை. திங்கட்கிழமை முழுவதும் கப்பல் கடலடியில் கிடக்க, அதன் அடையாளம் மட்டும் பலகையில் தினப்படி மைல் கணக்கில் மேற்கே போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை குவாம்காரர்கள் 'போய்ச் சேர்ந்திருக்கும்' என்று அதன் பெயரை எடுத்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் பலகையில் 'வந்து சேர்ந்தது' என்று குறித்துக்கொண்டார்கள்.

யாரும் பொய் எழுதவில்லை. இது பிறகு கடற்படையே வெளியிட்ட அறிக்கையில் உள்ள விஷயம்: போர்க்கப்பல்களைப் பொறுத்தவரை இதுதான் வழக்கமான நடைமுறை, வேறு தகவல் வராதவரை குறித்த நேரத்தில் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வது.

ஏன் இப்படி ஒரு வழக்கம் என்று கேட்பீர்கள். 10-சி.எல்.-45 என்று ஒரு சுற்றறிக்கை. அரசு வேலை பார்த்த யாருக்கும் சுற்றறிக்கை எண்ணைக் கேட்டாலே நெஞ்சில் ஒரு சின்ன படபடப்பு வரும், எனக்கு வந்தது. போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். காரணம் நியாயமானது. வயர்லெஸ்ஸில் எல்லாரும் 'வந்தேன், போனேன்' என்று பேசிக்கொண்டே இருந்தால் எதிரி கேட்பான், நெரிசலும் அதிகம். சரி. ஆனால் வராத கப்பலை என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை. வந்ததைச் சொல்ல வேண்டாம் என்றால், வராததையும் சொல்ல வேண்டாம் என்று தலைக்குத் தலை அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அரசுக் காகிதத்தில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதற்குத்தான் பலம் அதிகம்; இது நான் 33 வருடத்தில் பார்த்தது.

லெய்டேவில் டாக்லோபான் துறைமுக அதிகாரி அலுவலகத்தில் கிப்சன் என்று ஒரு லெப்டினன்ட். வரவேண்டிய கப்பல் பட்டியல் அவர் கையில் இருந்தது. இண்டியானாபொலிஸ் வரவில்லை என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். விசாரிக்கவில்லை, மேலே சொல்லவுமில்லை. போர்க்காலத்தில் போர்க்கப்பல்களை வழியில் திருப்பிவிடுவது சகஜம். அதற்கு அவரிடம் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும் என்று விதி இல்லை. எங்கேயோ போகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று எழுதக் கை வருகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்தக் கப்பல் பயிற்சிக்கு வருகிறது என்ற தந்தியை லெய்டேவில் இருந்த அட்மிரல் மக்கார்மிக்கின் ஆட்கள் வாங்கும்போது எழுத்துகள் சிதைந்து வந்தன. திரும்ப அனுப்பு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு கப்பல் குவாமிலிருந்து கிளம்பிய தந்தி மட்டும் ஒழுங்காக வந்தது. ஆக அவருக்கு எப்போது வரும் என்று தெரியும், எதற்கு வருகிறது என்று தெரியாது. ஓகினாவா பக்கம் இருந்த அட்மிரல் ஓல்டன்டார்ஃபுக்கு அந்தக் கப்பல் பிறகு தன்னிடம் வரப்போகிறது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. இரண்டு காகிதத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

அதோடு போகவில்லை. கப்பலை மூழ்கடித்த ஜப்பானிய கமாண்டர் ஹஷிமோட்டோ, பெரிய கப்பல் ஒன்றை முடித்துவிட்டேன் என்று தன் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். அமெரிக்கர்கள் அதை ஒட்டுக்கேட்டுச் சங்கேதத்தை உடைத்தும் படித்தார்கள். பீற்றிக்கொள்கிறான் என்று விட்டுவிட்டார்கள். 'எங்கள் கப்பல் ஏதாவது குறைகிறதா' என்று எண்ணிப் பார்க்க வேண்டிய பலகையில்தான் அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதே!

இதற்குள் கடலில் என்ன நடந்தது என்பதை உங்கள் கட்டுரையே போதுமான அளவு சொல்லியிருக்கிறது. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவர்கள் போட்டிருந்த மிதவைச் சட்டைக்குள் இருந்தது கபோக் பஞ்சு. நம்மூர் இலவம் பஞ்சுதான், தலையணைக்குள் அடைக்கிறோமே அதே சாதி. இரண்டு நாள் மிதப்பதற்குத்தான் அதற்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி. அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள் என்ற கணக்கில் செய்தது. மூன்றாவது நாள் பஞ்சு தண்ணீர் குடித்துக் கனக்க ஆரம்பித்தது. காப்பாற்ற மாட்டிக்கொண்ட சட்டையே ஆளை மெல்ல மெல்லக் கீழே இழுத்தது. வாய்மட்டத்துக்குத் தண்ணீர் வந்தவர்கள் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு மிதந்தார்கள்.

வியாழக்கிழமை, ஆகஸ்ட் 2, முற்பகல். அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. அதுவரை தேடவே இல்லை. பெலெலியு தீவிலிருந்து ரோந்து வந்த வெஞ்சுரா விமானம் ஒன்றில் பின்னால் தொங்கும் ஆன்டெனா கம்பி தகராறு செய்தது. லெப்டினன்ட் வில்பர் க்வின் அதைச் சரிபார்க்கப் பின்பக்கம் போய்க் கீழே குனிந்தார். கடல்மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தது. எதிரி நீர்மூழ்கி என்று நினைத்துக் குண்டு போடத் தாழப் பறந்து வந்தபோது, எண்ணெய்க்குள் தலைகள். ஆன்டெனா ஒழுங்காக இருந்திருந்தால் அவர் குனிந்திருக்கவே மாட்டார்.

அப்போதும் அது எந்தக் கப்பல் என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கப்பலையும் காணோம் என்று எங்கும் புகார் இல்லை. அடுத்து வந்த கடல்விமானத்தின் பைலட் ஏட்ரியன் மார்க்ஸ், திறந்த கடலில் இறங்கக் கூடாது என்ற உத்தரவை மீறி அலைமேல் இறங்கினார். இறங்கிய அடியில் விமானத்தின் ஆணிகள் தெறித்துத் தண்ணீர் உள்ளே வந்தது. தூக்கிப் போட்டவர்களிடம் கேட்டபோதுதான் இண்டியானாபொலிஸ் என்று தெரிந்தது. 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் நிரம்பியதும் இறக்கைமேல் படுக்க வைத்து, பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை; மறுநாள் ஆட்களை இறக்கியபின் அதைச் சுட்டு மூழ்கடித்தார்கள்.

வழியில் மார்க்ஸ் 'செசில் டாயில்' என்ற கப்பலின் மேலே பறந்து போகும்போது, இன்ன இடத்தில் ஆட்கள் மிதக்கிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போனார். கப்பலின் கேப்டன் கிளேட்டர் உத்தரவு வருவதற்கு முன்னாலேயே திசை திருப்பினார். ராத்திரி அந்த இடத்தை நெருங்கும்போது, மேகத்தில் பட்டுத் தெரியட்டும் என்று பெரிய சர்ச்லைட்டை வானத்தைப் பார்த்து எரியவிட்டார். நீர்மூழ்கி சுற்றுகிற கடலில் விளக்கைப் போடுவது என்றால் 'இதோ இருக்கிறேன், அடி' என்று கூப்பிடுவது மாதிரி. தண்ணீரில் இருந்தவர்கள் அந்த ஒளியைப் பார்த்துத்தான் விடியும்வரை தாங்கினோம் என்று பின்னால் சொன்னார்கள். க்வின், மார்க்ஸ், கிளேட்டர் — உங்கள் கட்டுரையில் இந்த மூன்று பெயரில் ஒன்றுகூட இல்லை, சார். சுறாவுக்கு நாலு பத்தி இருந்தது.

செய்தி வெளியானது ஆகஸ்ட் 14. ஜப்பான் சரணடைந்த செய்தியும் அமெரிக்காவில் அதே நாள். வெடி, ஊர்வலம், முத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் சுமார் 880 வீடுகளின் செய்தி ஒரு ஓரத்தில்.

அப்புறம் வழக்கு. இந்த மாதிரி விஷயத்தில் முடிவாக ஒருவர் வேண்டுமே. கேப்டன் மெக்வே பிழைத்து வந்தவர், கையில் கிடைத்தார். 1945 டிசம்பரில் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் ராணுவ நீதிமன்றம். குற்றம், டார்ப்பிடோ குறி தவறட்டும் என்று கப்பலை வளைத்து வளைத்து ஓட்டவில்லை என்பது. அதை ஓட்டுவதா வேண்டாமா என்பதைக் கேப்டனின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கப்பலை மூழ்கடித்த ஹஷிமோட்டோவையே ஜப்பானிலிருந்து விமானத்தில் அழைத்து வந்து கூண்டில் ஏற்றினார்கள். வளைத்து ஓட்டியிருந்தாலும் அடித்திருப்பேன், எனக்கு வித்தியாசம் இருந்திருக்காது என்கிற மாதிரி அவர் சொன்னார். அமெரிக்க நீர்மூழ்கித் தளபதி ஒருவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். இருந்தும் குற்றவாளி என்று தீர்ப்பு. அந்தப் போரில் எதிரி தாக்கிக் கப்பலை இழந்ததற்காக அமெரிக்கக் கடற்படை இப்படி விசாரித்துத் தண்டித்த கேப்டன் இவர் ஒருவர்தான். தண்டனையை அடுத்த வருடம் ரத்து செய்தார்கள். தீர்ப்பு அப்படியே நின்றது.

பலகைக்காரர்களுக்கு? கிப்சனுக்கும் மேலே இருந்த சிலருக்கும் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மெமோ, விளக்கம், வாபஸ். உலகம் முழுக்க ஒரே ஆபீஸ்தான் போல.

மெக்வேக்குச் செத்தவர்களின் குடும்பங்களிலிருந்து வருடக்கணக்காகக் கடிதம் வந்துகொண்டிருந்தது, கிறிஸ்துமஸ் சமயத்தில்கூட. என் பிள்ளையை நீ கொன்றாய் என்று. 1968 நவம்பரில் தன் வீட்டு வாசலில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். பிழைத்த மாலுமிகள் மட்டும் கடைசிவரை அவர் பக்கம்தான் நின்றார்கள். 1996-இல் ஃபுளோரிடாவில் ஹண்டர் ஸ்காட் என்ற 12 வயதுப் பையன், பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்துக்காக இதைத் தோண்ட ஆரம்பித்து, பிழைத்தவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டு, கடைசியில் செனட் வரை போய்ச் சாட்சி சொன்னான். ஹஷிமோட்டோவும் அமெரிக்க செனட்டருக்குக் கடிதம் எழுதினார். 2000 அக்டோபரில் கேப்டன்மேல் குற்றமில்லை என்று நாடாளுமன்றத் தீர்மானம் வந்தது. அதே மாதம் ஹஷிமோட்டோ இறந்துபோனார். 2017-இல் கப்பலை 5,500 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் படங்களை உங்கள் பத்திரிகையிலேயே பார்த்த நினைவு.

இப்போது என் விஷயம். சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் ஊராரைக் குறை சொன்னதாகிவிடும்.

1986 நவம்பர். அடைமழைக் காலம். எங்கள் பலகையின் கீழ் மூலையில், பெரிய கப்பல்களுக்குக் கீழே, தோணிகளுக்கு என்று ஒரு சாண் இடம் விட்டிருப்போம். மாலத்தீவின் மாலேயிலிருந்து வெறுந்தோணியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோணியின் பெயர் அங்கே இருந்தது. புறப்பட்டுவிட்டது என்று தந்தி வந்ததை வைத்து நான்தான் எழுதினேன். வரவேண்டிய நாளும் நான்தான் காற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதினேன். அந்த நாள் போய், இன்னும் மூன்று நாள் போயிற்று. தோணிகள் எங்களிடம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நேராகத் தோணித்துறைக்குப் போய்விடும். அங்கே போயிருக்கும் என்று நான் நினைத்தேன். மழைக்குப் பயந்து மாலேக்கே திரும்பியிருக்கும் என்று முதலாளியின் கணக்குப்பிள்ளை நினைத்தார். தோணித்துறைக்காரர்களுக்கு வருகிற தோணியைப் பற்றித்தான் கவலை, வராத தோணி அவர்கள் நோட்டில் இல்லை. நாலாம் நாள் சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரம், புதிதாக இரண்டு தோணி எழுத இடம் வேண்டியிருந்தது. ஈரத்துணியை எடுத்தேன். துடைத்தேன்.

அப்போது அந்தத் தோணி பாய்மரம் முறிந்து ஒன்பது பேரோடு நடுக்கடலில் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, வேறெங்கோ போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று தற்செயலாகப் பார்த்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டது. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். சமையல் செய்யும் பண்டாரிப் பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது, உதடெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடத் தோணித் தலைவரான தண்டலும் அவனும் எங்கள் அறைக்கு வந்தார்கள். தண்டல் வயசாளி. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கத் தெரிந்தவர்தான்.

"நாங்க வரலைன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பது மாதிரி கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே பலகையின் ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டேன். வர வேண்டிய நேரம் தாண்டிப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால் பெயர் அந்தக் கட்டத்துக்குள் போகும். ஏஜென்டுக்கு நாமே போன் போட்டுக் கேட்க வேண்டும். விதியில் இல்லாததை எதற்கு எழுதுகிறாய் என்று மேலே இருந்தவர் கேட்டார். அழித்துவிடுங்கள் என்றேன். அவர் அழிக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை இதையே பெரிய அளவில் செய்தது. கப்பல் நடமாட்டத்தைத் தெரிவிப்பதற்குத் தனி ஏற்பாடு ஒன்றை இண்டியானாபொலிஸ் போன பிறகு கொண்டுவந்தார்கள். இண்டியானாபொலிஸ் கதையை நான் முதன்முதலில் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான். படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

கம்ப்யூட்டர் வந்து பலகையைக் கழற்றியபோது கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பாதியை அறுத்துத்தான் வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறேன். 'வர வேண்டிய நேரம்' என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கட்டத்தில் என் மனைவி பால் கணக்கு எழுதுகிறாள். பால்காரர் ஆறரைக்கு வரவில்லை என்றால் ஆறே முக்காலுக்குப் போன் போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டுவதானால் எங்கள் தோணி விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள். க்வின், மார்க்ஸ், கிளேட்டர் பத்திகளை வெட்டாதீர்கள். அதற்கும் இடமில்லை என்றால் திருத்தம் மட்டுமாவது போடுங்கள்: குண்டின் பாகங்களை இறக்கியது ஜூலை 26, கப்பல் மூழ்கியது ஜூலை 30, கடலில் போன எல்லாரையும் சுறா தின்னவில்லை, கேப்டன்மேல் குற்றமில்லை என்று 2000-இல் தீர்மானம் வந்துவிட்டது. கட்டுரையாளர் இந்தக் கடைசி விஷயத்தை ஏன் விட்டார் என்று தெரியவில்லை. '1945-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது' என்பதோடு நிறுத்திவிட்டார், படித்தவர்கள் அப்படியே நம்பியிருப்பார்கள்.

கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நல்லது. சுறா படம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர்